ஒன்பதை அடக்கினால் ஒன்று ஒளிரும்

நிக்சி குழாய்க் கடிகாரத்துக்கு டிரைவர் சர்க்யூட் அமைப்பது குறித்துப் பெரிய காஞ்சிபுரத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



மேசை மேல் இருக்கும் இந்தக் கண்ணாடிக் குழாயைப் பாருங்கள். இதுதான் நிக்சி குழாய், உயரம் இரண்டு அங்குலம்தான். உள்ளே 0 முதல் 9 வரை பத்து இலக்கங்கள், மெல்லிய உலோகத்தில் வெட்டி, ஒன்றின் பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அடுக்கு எண் வரிசைப்படி இல்லை. முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை அதிகம் மறைக்காதபடி மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள். அவற்றுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு கம்பி வலை. அதுதான் ஆனோடு. பத்து இலக்கங்களும் பத்து கேத்தோடுகள். இடையில் நியான் வாயு, கொஞ்சம் ஆர்கான், ஒரு துளி பாதரச ஆவி. எந்த இலக்கத்தை மின்சாரம் தொடுகிறதோ, அந்த உலோகத்தை ஒட்டியிருக்கும் வாயு ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். இழை எதுவும் எரிவதில்லை, உலோகம் சிவக்கப் பழுப்பதில்லை. இலக்கத்தின் வடிவத்திலேயே வாயு ஒளிர்கிறது. அதனால்தான் ஏழு கோடுகளைச் சேர்த்து ஒப்பேற்றும் எல்.இ.டி. எண்ணுக்கு இல்லாத ஒரு எழுத்தழகு இதற்கு இருக்கிறது.

அமெரிக்காவின் பரோஸ் நிறுவனம் 1955-இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உருவாக்கியவர்கள் ஹெய்டு சகோதரர்களின் ஆய்வகத்தார். அந்த ஆய்வகத்தைப் பரோஸ் விலைக்கு வாங்கியிருந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு ஆய்வகக் கருவி, கணக்குப் பொறி என்று எண் காட்ட வேண்டிய இடத்திலெல்லாம் இதுதான் இருந்தது. 1970களில் எல்.இ.டி. வந்ததும் மேற்கு நாடுகள் கைவிட்டன. சோவியத் யூனியன் 1980களிலும் தயாரித்துக்கொண்டிருந்தது. இன்று வீட்டில் கடிகாரம் செய்பவர்கள் கையில் கிடைப்பது பெரும்பாலும் அந்தச் சோவியத் குழாய்கள்தான். ஐ.என்.12, ஐ.என்.14, பெரியதாக வேண்டுமென்றால் ஐ.என்.18. என் கையில் இருப்பது ஐ.என்.14. இதில் 5 எப்படி இருக்கிறது என்று கிட்டே வந்து பாருங்கள். 2-ஐத் தலைகீழாகத் திருப்பி வைத்திருக்கிறார்கள். தனியாக ஓர் அச்சு செய்யும் செலவை மிச்சப்படுத்தத்தான் இருக்கும். செக் நாட்டில் டாலிபோர் ஃபார்னி என்பவர் இந்தக் குழாயைப் புதிதாகவே கையால் ஊதிச் செய்கிறார். அழகானவை. ஆனால் முதல் கடிகாரத்துக்கு அவ்வளவு விலை வேண்டியதில்லை.

வரலாறு இத்துடன் போதும். இன்று நான் பேச வந்தது குழாய்க்குப் பின்னால் இருக்கும் டிரைவர் சர்க்யூட்டைப் பற்றி.

கடிகாரத்தின் கணக்கைப் பார்க்கும் சில்லான மைக்ரோகண்ட்ரோலர் பேசுவது 5 வோல்ட்டில். குழாய் கேட்பது 170 வோல்ட். நடுவில் நிற்பது டிரைவர். 'சின்ன சிக்னலை வாங்கிப் பெரிய சுமையை ஓட்டுவதுதான் டிரைவர்' என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அது பாதிதான். ஒரு இலக்கத்தை எரிய வைப்பது எளிது. மீதி ஒன்பதையும் எரியாமல் வைத்திருப்பதில்தான் டிரைவரின் தரம் தெரியும். இன்றைய பேச்சு முழுவதும் இந்த ஒரு விஷயம்தான்.

முதலில் குழாயின் குணத்தைத் தெரிந்துகொள்வோம். சாதாரண பல்புக்கு வோல்டேஜை ஏற்ற ஏற்ற வெளிச்சம் கூடும். நிக்சி அப்படியல்ல. 100 வோல்ட் கொடுத்தாலும் இருட்டுதான், 150 கொடுத்தாலும் இருட்டுதான். ஏறக்குறைய 170-ஐத் தொட்டதும் சட்டென்று பற்றிக்கொள்ளும். பற்றியவுடன் குழாயின் குறுக்கே வோல்டேஜ் 140 அளவுக்கு இறங்கிவிடும். அதற்குப் பிறகு மின்சாரத்தைத் தடுக்க குழாயிடம் ஒன்றும் இல்லை. விட்டால் கிடைத்ததையெல்லாம் இழுத்துக் கெட்டுப்போகும். ஆகவே ஆனோடுக்கு முன்னால் ஒரு ரெசிஸ்டர் கட்டாயம்.

அதன் மதிப்பைக் கணக்கிடுவோம், எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். சப்ளை 180 வோல்ட். குழாய் பிடித்துக்கொள்வது 140. மீதி 40 வோல்ட் ரெசிஸ்டரில் விழ வேண்டும். ஐ.என்.14-க்கு உகந்த மின்சாரம் 2.5 மில்லி ஆம்பியர். 40-ஐ 0.0025-ஆல் வகுத்தால் 16,000 ஓம். கடையில் 15 கிலோ ஓம் கிடைக்கும், 18 கிலோ ஓம் கிடைக்கும். நான் 18-ஐத்தான் எடுப்பேன். மின்சாரம் 2.2 மில்லி ஆம்பியராகக் குறையும், வெளிச்சத்தில் பெரிய வேறுபாடு தெரியாது, குழாய் கூடுதல் காலம் உழைக்கும். மிகவும் குறைத்துவிடவும் கூடாது. இலக்கத்தின் ஒரு பகுதி மட்டும் ஒளிர்ந்து, ஓரங்கள் இருண்டு நிற்கும். 8-இன் கீழ்வளைவு காணாமல் போனால் மின்சாரம் போதவில்லை என்று பொருள்.

ஒரு குழாய்க்கு ஒரு ரெசிஸ்டர் போதும், ஏனென்றால் ஒரு நேரத்தில் ஓர் இலக்கம்தான் எரியப்போகிறது. இனி பத்து கேத்தோடுகளில் ஒன்றை மட்டும் தரைக்கு இணைக்க வேண்டும். அதற்கு இலக்கத்துக்கு ஒரு டிரான்சிஸ்டர்.

இங்கே, அவையில் இருக்கும் நெசவாளப் பெரியவர்கள் எனக்கு உதவ வேண்டும். ஜக்கார்டு பெட்டியில் அட்டை என்ன செய்கிறது? 'ஓட்டை இருக்கிற இடத்தில் கொக்கி மேலே போகும், ஓட்டை இல்லாத இடத்தில் போகாது' என்று நாம் எல்லோரும் சொல்லுவோம். ஆனால் பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தவர்களுக்கு நடப்பது தெரியும். எல்லாக் கொக்கிகளும் இயல்பாகவே கத்தி மேல் மாட்டியபடிதான் நிற்கின்றன. மிதியை மிதித்தால் அத்தனையும் மேலே வரத் தயார். அட்டை ஊசிகளை நோக்கி வருகிறது. ஓட்டை உள்ள இடத்தில் ஊசி உள்ளே போய்விடுகிறது, அங்கே அட்டை எதையும் செய்வதில்லை. ஓட்டை இல்லாத இடத்தில்தான் அட்டை ஊசியைத் தள்ளுகிறது, கொக்கியைக் கத்தியிலிருந்து விலக்குகிறது. அதாவது, எழும்பக் கூடாத இழையைப் பிடித்து நிறுத்துவதுதான் அட்டையின் வேலை. 240 கொக்கிப் பெட்டியில் ஒரு அன்னத்தின் கழுத்துக்குப் பத்து இழை எழும்ப வேண்டுமென்றால், 230 ஊசிகள் தள்ளப்படுகின்றன. 1804-இல் பிரான்சில் ஜக்கார்டு என்பவர் செய்துகாட்டிய ஏற்பாடு இது.

நிக்சி குழாயிலும் இதே நியாயம்தான். 7 எரிந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒளிரும் வாயுவுக்கு நடுவே மற்ற ஒன்பது இலக்கங்களும் நிற்கின்றன. மயிரிழை இடைவெளிதான். அவை தரைக்கு இணைக்கப்படாமல் இருந்தாலும் சும்மா இருப்பதில்லை. சுற்றியுள்ள வாயு அவற்றை ஒரு நடுத்தர வோல்டேஜுக்கு இழுத்து வைக்கிறது. அந்த வோல்டேஜை டிரான்சிஸ்டர் தாங்கினால் கரண்ட் ஓடாது, இலக்கம் இருட்டாகவே இருக்கும். தாங்காமல் கொஞ்சம் கசியவிட்டால், 7-க்குப் பின்னால் 3-உம் 8-உம் மங்கலாகத் தெரியும்.

நம் ஊரில் எந்த ரேடியோ ரிப்பேர்க் கடையிலும் பி.சி.547 கிடைக்கும். பத்து ரூபாய்க்குள் விஷயம் முடியும். அதைப் போட்டுவிடலாமே என்று தோன்றும். அதன் தாக்குப்பிடிக்கும் அளவு 45 வோல்ட். அணைந்திருக்க வேண்டிய கேத்தோடு அதைத் தாண்டி மேலே போகப் பார்க்கும். டிரான்சிஸ்டர் அந்த அளவுக்குமேல் உடைந்து கரண்டை விடும். அதன் விளைவுதான் அந்த மங்கல் இலக்கங்கள். மாணவர்கள் பலர் புரோகிராமில் தப்பு இருக்கிறதோ என்று ராத்திரி முழுக்கத் தேடுவார்கள். தப்பு புரோகிராமில் இல்லை.

எம்.பி.எஸ்.ஏ.42 போடுங்கள். 300 வோல்ட் தாங்கும். சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். இதன் கரண்ட் பெருக்கம் குறைவு, குறைந்தபட்சம் 25 என்றுதான் தயாரிப்பாளர் தாளில் இருக்கும். 2.5 மில்லி ஆம்பியர் ஓட பேஸுக்கு 0.1 மில்லி ஆம்பியர் வேண்டும். 5 வோல்ட்டிலிருந்து 10 கிலோ ஓம் வழியாகக் கொடுத்தால் 0.43 கிடைக்கிறது. நான்கு மடங்கு. வெயில், குளிர், மட்டமான டிரான்சிஸ்டர் எல்லாவற்றுக்கும் சேர்த்து இது போதும். 33 கிலோ ஓம் போட்டால் 0.13-தான் வரும். மேசையில் வேலை செய்யும், மூன்று மாதம் கழித்து ஓர் இலக்கம் தடுமாறும்.

டிரான்சிஸ்டர் வேண்டாம், ஒரே ஐ.சி.யில் முடிய வேண்டும் என்பவர்களுக்கு 74141 இருக்கிறது. அதன் சோவியத் உருவம் கே155ஐடி1. நான்கு பிட் எண்ணைக் கொடுத்தால் பத்துக் கால்களில் ஒன்றைத் தரைக்கு இழுக்கும். இந்த ஐ.சி.யின் கால்கள் தாங்குவதும் ஏறக்குறைய 60 வோல்ட்தான். பிறகு எப்படி 180 வோல்ட் சப்ளையில் வேலை செய்கிறது என்று கேட்பீர்கள், கேட்க வேண்டும். அணைந்த கால்களை 60 வோல்ட் அருகே பிடித்து நிறுத்தும் ஏற்பாட்டை உள்ளேயே வைத்திருக்கிறார்கள். எரியும் குழாயில் ஆனோடு 140-இல் இருக்கிறது. அணைந்த கேத்தோடு 60-இல். இரண்டுக்கும் இடையே 80 வோல்ட். நியான் ஒளிர்ந்து நிற்க 140 வேண்டும், 80-இல் முடியாது. ஆக, முழு வோல்டேஜைத் தாங்குவதற்குப் பதிலாக, அணைந்த இலக்கத்தைக் கொஞ்சம் மேலே தள்ளி வைத்தால் போதும் என்று கண்டுகொண்டவர்கள் இதை வடிவமைத்தார்கள். ஓட்டையில்லாத அட்டை ஊசியைத் தள்ளுகிறதே, அதுதான் இது. இலேசாக நீலப் புகை மாதிரி ஒன்று சில சமயம் தெரியும், அதற்கு அந்த 60 வோல்ட் பிடிப்பில் ஓடும் சிறு கரண்ட் காரணம். சுத்தமான இருட்டு வேண்டுமென்றால் எம்.பி.எஸ்.ஏ.42-தான் மேல்.

இனி 180 வோல்ட் எங்கிருந்து வரும்?

சுவரில் 230 வோல்ட் இருக்கிறதே, அதை ஒரு டையோடில் திருத்திக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். 230-ஐத் திருத்தினால் உச்சத்தில் 325 வோல்ட். அதைவிட முக்கியம், சர்க்யூட் முழுவதும் ஊர் மின்கம்பியோடு நேரடித் தொடர்பில் இருக்கும். கடிகாரத்தின் நேரம் மாற்றும் பொத்தானைத் தொட்ட பிள்ளை தரையில் வெறுங்காலோடு நின்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 12 வோல்ட் அடாப்டர் வாங்குங்கள். அதிலிருந்து 180-ஐ நாமே உண்டாக்குவோம்.

ஒரு காயிலில் கரண்டை ஓடவிட்டுச் சட்டென்று நிறுத்தினால், அந்தக் கரண்ட் நிற்க மறுக்கும். போக வழி தேடி வோல்டேஜை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றும். அந்த உதைப்பை ஒரு டையோடு வழியாகக் கெபாசிட்டரில் பிடித்து வைப்பதுதான் பூஸ்ட் கன்வர்ட்டர்.

ஆறு குழாய்களுக்கு 15 மில்லி ஆம்பியர், 180 வோல்ட்டில் 2.7 வாட். வழியில் வீணாவதையும் சேர்த்து 3.6 வாட் உள்ளே போகட்டும். காயில் 100 மைக்ரோ ஹென்றி. 12 வோல்ட்டில் 10 மைக்ரோ செகண்டு ஸ்விட்சைப் போட்டால் கரண்ட் 1.2 ஆம்பியருக்கு ஏறும். அப்போது காயிலில் சேர்ந்த ஆற்றல் 72 மைக்ரோ ஜூல். இதை செகண்டுக்கு 50,000 முறை செய்தால் 3.6 வாட். கணக்கு சரியாக உட்கார்ந்துவிட்டது. ஸ்விட்சை நிறுத்தியதும் காயில் தன் ஆற்றலைக் கொட்ட எடுக்கும் நேரம் எவ்வளவு? 1.2 ஆம்பியர், 168 வோல்ட் வித்தியாசத்தில் 0.7 மைக்ரோ செகண்டு. இந்த எண்ணை அடிக்கோடிட்டு வையுங்கள்.

ஏனென்றால் 1என்4007 டையோடு எல்லோர் வீட்டிலும் இருக்கும், 1000 வோல்ட் தாங்கும், போட்டுவிடுவார்கள். அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்த டையோடு. ஒரு பக்கம் கடத்திவிட்டு மறுபக்கம் அடைத்துக்கொள்ள அதற்குப் பல மைக்ரோ செகண்டு பிடிக்கும். நம் காயில் 0.7 மைக்ரோ செகண்டில் வேலையை முடித்துவிடுகிறது. டையோடு கதவைச் சாத்துவதற்குள் கெபாசிட்டரில் சேர்ந்தது திரும்பி ஓடிவிடும். டையோடு சுடும், ஸ்விட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட் சுடும், 180-க்குப் பதில் 120-இல் நின்றுவிடும். யு.எஃப்.4007 வாங்குங்கள். விலையில் வித்தியாசம் சில ரூபாய். 75 நேனோ செகண்டில் அடைத்துக்கொள்ளும்.

கட்டுப்பாட்டுக்கு எம்.சி.34063 என்ற பழைய ஐ.சி. போதும். அதன் உள் ஸ்விட்ச் 40 வோல்ட்தான் தாங்கும் என்பதால் வெளியே ஒரு மாஸ்ஃபெட் வேண்டும். ஐ.ஆர்.எஃப்.740 போடலாம், 400 வோல்ட் தாங்கும். 200 வோல்ட் மாஸ்ஃபெட் போதாதா என்றால், 180-க்கு மேல் வரும் துடிப்புகளுக்கு அங்கே இடமில்லை. இன்னொன்று. மாஸ்ஃபெட்டின் கேட்டைத் திறப்பது போலவே மூடுவதும் வேகமாக நடக்க வேண்டும். இந்த ஐ.சி. கேட்டை மேலே தூக்கும், கீழே இழுக்காது. கேட்டில் தங்கிய சார்ஜை வெளியேற்ற ஒரு சிறிய பி.என்.பி. டிரான்சிஸ்டரைச் சேருங்கள். இதைச் சேர்க்காத சர்க்யூட்டிலும் 180 வரும், ஆனால் மாஸ்ஃபெட் மேல் விரல் வைக்க முடியாது. சுடுகிறதே என்று பெரிய ஹீட்சிங்க் மாட்டுவார்கள். சூட்டின் காரணத்தை விட்டுவிட்டுச் சூட்டைத் தணிக்கும் வேலை அது.

180 வோல்ட் விளையாட்டுப் பொருள் இல்லை. வெளியீட்டுக் கெபாசிட்டர் 4.7 மைக்ரோ ஃபாரடு இருக்கும். அடாப்டரைப் பிடுங்கிய பிறகும் அதில் சார்ஜ் நிற்கும். அதன் குறுக்கே 470 கிலோ ஓம் ஒன்றைப் பற்றவைத்துவிட்டால் பத்து செகண்டில் தானாக வடிந்துவிடும். அப்புறமும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். கரண்ட் உள்ள போர்டில் வேலை செய்யும்போது ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். பள்ளிப் பிள்ளைகள் பெரியவர் யாரும் பக்கத்தில் இல்லாமல் இந்தப் பகுதியைத் தொட வேண்டாம்.

அடுத்தது கம்பிகள். ஆறு குழாய், தலைக்குப் பத்து, அறுபது டிரான்சிஸ்டர் என்று பயந்துவிடாதீர்கள். 24 மணிக் கடிகாரத்தில் மணியின் முதல் இலக்கத்துக்கு 0, 1, 2 மட்டும் போதும். நிமிடத்துக்கும் செகண்டுக்கும் முதல் இலக்கம் 0 முதல் 5 வரை. கூட்டினால் 3, 10, 6, 10, 6, 10 என்று 45. இதையும் குறைக்க மல்டிபிளெக்ஸ் முறை இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு குழாய் மட்டும் எரியும், வேகமாக மாறி மாறி வரும், கண்ணுக்கு ஆறும் எரிவதாகத் தெரியும். கம்பி மிச்சம்தான். ஆனால் ஒவ்வொரு குழாயும் ஆறில் ஒரு பங்கு நேரம்தான் எரிகிறது. அதே வெளிச்சம் வேண்டுமென்றால் எரியும் நொடியில் பல மடங்கு கரண்ட் தர வேண்டும். 180 வோல்ட் பக்கத்தில் ஸ்விட்ச் போட எம்.பி.எஸ்.ஏ.92 மாதிரி பி.என்.பி.யும் அதை ஓட்ட இன்னொரு டிரான்சிஸ்டரும் வேண்டும். ஒரு குழாயை அணைத்த உடனே அடுத்ததை ஏற்றவும் முடியாது. அணைந்த குழாயின் வாயுவில் மின்னூட்டம் அடங்கச் சிறிது நேரம் பிடிக்கும். அந்த இடைவெளி விடாவிட்டால் முந்தைய எண்ணின் சாயல் அடுத்த குழாயில் தெரியும். மறுபடியும் அதே பிரச்சினைதான், எரியக் கூடாதது எரிகிறது.

என் தீர்ப்பைக் கேட்டால், முதல் கடிகாரத்துக்கு மல்டிபிளெக்ஸ் வேண்டாம். குழாய்க்கு ஒரு கே155ஐடி1 வைத்து நேராக ஓட்டுங்கள். இரண்டாவது கடிகாரத்துக்கு எச்.வி.5622 பாருங்கள். 220 வோல்ட் தாங்கும் 32 வெளியீடுகள் ஒரே ஐ.சி.யில். பிட்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி, 32-உம் நிறைந்ததும் ஒரே சமயத்தில் வெளியே காட்டச் சொல்லலாம். நமக்கு வேண்டியது 45, இரண்டு ஐ.சி. போதும். மைக்ரோகண்ட்ரோலரிலிருந்து நான்கைந்து கம்பி. இந்த ஐ.சி. 12 வோல்ட் சிக்னல் கேட்கும். 5 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் செய்யாது.

இவ்வளவும் செய்து நேரம் தப்பாகக் காட்டினால் பயனில்லை. மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸை எண்ணி நேரம் காட்டும் வழி வெளிநாட்டுச் சர்க்யூட்டுகளில் நிறைய இருக்கும். நமக்கு அது ஒத்துவராது. தென் மாநிலங்களின் மின்தொகுப்பு 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர் – சோலாப்பூர் பாதை வழியாக நாட்டின் மற்றப் பகுதியோடு இணைந்தது. அதற்குப் பிறகு அதிர்வெண் எவ்வளவோ சீராகியிருக்கிறது. அப்படியும் 49.90 முதல் 50.05 வரை அனுமதிக்கப்பட்ட எல்லை. ஒரு நாள் முழுக்க 49.95-இல் ஓடினால் கடிகாரம் 86 செகண்டு பின்தங்கும். கரண்ட் போனால் எண்ணிக்கையே போச்சு.

கைக்கடிகாரத்தில் இருக்கும் 32,768 ஹெர்ட்ஸ் படிகம் இதைவிட நல்லது. ஆனால் அது 25 டிகிரி வெப்பத்துக்கு வெட்டப்பட்டது. அங்கிருந்து விலக விலக, வெப்பம் கூடினாலும் குறைந்தாலும், மெதுவாகவே ஓடும். கத்திரி வெயிலில் நம் வீட்டுக்குள், மூடிய மரப்பெட்டிக்குள், பக்கத்தில் ஒரு பூஸ்ட் கன்வர்ட்டரும் சுட்டுக்கொண்டிருக்க, 45 டிகிரி எளிதாக வரும். மாதத்துக்கு 35 செகண்டு அளவுக்குப் பின்தங்கும். டி.எஸ்.3231 என்ற ஐ.சி. தன் வெப்பத்தைத் தானே அளந்து திருத்திக்கொள்கிறது. ஆண்டுக்கே ஒரு நிமிடம்தான் பிசகும். ஒரு பட்டன் பேட்டரி இருந்தால் கரண்ட் இல்லாத நேரத்திலும் எண்ணிக்கொண்டிருக்கும். இதில் மட்டும் காசைப் பார்க்காதீர்கள்.

எந்த நேரத்தைக் காட்டுவது என்பதிலும் நமக்கு ஒரு வாய்ப்பு உண்டு. நாடு முழுவதும் கடைப்பிடிக்கும் நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. காஞ்சி அதற்கு மேற்கே, 79.7 டிகிரியில் இருக்கிறது. கடிகாரத்தைவிட நம் ஊர்ச் சூரியன் சராசரியாக 11 நிமிடம் பிந்தி உச்சிக்கு வருகிறது. சூரிய உதயத்தை அன்றன்று கணக்கிட்டு, அதிலிருந்து நாழிகை காட்டும்படி புரோகிராம் எழுதலாம். நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாழிகை, ஒரு விநாழிகை 24 செகண்டு. நான்கு குழாய் போதும். 32 டிரான்சிஸ்டரில் முடிந்துவிடும். இங்குள்ள மாணவர் யாராவது செய்தால் நான் வந்து பார்ப்பேன்.

குழாய்களின் ஆயுள் பற்றி ஒரு சொல். எரியாமலேயே கிடக்கும் இலக்கத்தின் மேல், எரியும் இலக்கத்திலிருந்து சிதறும் உலோகம் படிந்துகொண்டே இருக்கும். நாளடைவில் அது ஒளிர மறுக்கும். மணியின் முதல் குழாயில் இது சீக்கிரம் நேரும். இரவில் ஆள் இல்லாத நேரத்தில் பத்து இலக்கங்களையும் சில நிமிடம் மாறி மாறி எரியவிட புரோகிராமில் இடம் வையுங்கள். அப்படிச் செய்வதானால் அந்தக் குழாய்க்கும் பத்து டிரான்சிஸ்டர் வேண்டியிருக்கும். மிச்சம் பிடிப்பதா, குழாயைக் காப்பதா என்பது உங்கள் முடிவு. நான் குழாயைக் காப்பேன்.

கடைசியாக, இந்த ஊரில் இதைப் பேசுவதற்கான காரணம்.

நம் ஊர்த் தறிகளில் அட்டைக்குப் பதிலாக மின்னணு ஜக்கார்டு பெட்டிகள் வரத் தொடங்கிவிட்டன. அட்டை இல்லை, ஊசியைத் தள்ள ஒரு சின்ன மின்காந்தம். கொக்கிக்கு ஒன்று. டிசைன் ஒரு பென் டிரைவில். உள்ளே இருக்கும் போர்டு என்ன செய்கிறது? பிட்டுகளை வரிசையாக உள்ளே தள்ளி, ஓர் ஊடைக்கு வேண்டியது நிறைந்ததும், ஒரே சமயத்தில் எல்லா மின்காந்தங்களுக்கும் வெளியிடுகிறது. எச்.வி.5622-ஐப் பற்றிச் சொன்னேனே, அதே வேலைதான். வோல்டேஜ் மட்டும் குறைவு, கரண்ட் அதிகம்.

அங்கேயும் காயில் இருக்கிறது. நிறுத்தினால் உதைக்கும். எந்த உதைப்பை நாம் நிக்சிக்கு 180 வோல்ட்டாகப் பிடித்தோமோ, அதே உதைப்பு ஜக்கார்டு போர்டில் டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடும். ஆகவே ஒவ்வொரு காயிலுக்கும் குறுக்கே ஒரு டையோடு வேண்டும். இந்த வேலைக்குப் பயன்படும் யு.எல்.என்.2803 மாதிரி ஐ.சி.க்களில் அந்த டையோடு உள்ளேயே இருக்கிறது. ஆனால் அதன் பொதுக் கால் சப்ளையோடு சேர்ந்திருந்தால்தான் அது வேலை செய்யும். அந்த ஒரு கால் சால்டர் விட்டுப்போனால், சில வாரங்களில் ஒரு கொக்கி தானாக எழும்பத் தொடங்கும், அல்லது எழும்பவே மறுக்கும். புடவையில் ஒரு கோடு விழும். கொக்கியையும் நூலையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்போம்.

நெசவாளப் பெரியவர்களிடம் என் வேண்டுகோள் இது. பெட்டி நின்றுபோனால் வெளியூருக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் தறியைச் சும்மா போடாதீர்கள். உத்தரவாதக் காலம் முடிந்த பெட்டியாக இருந்தால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஐ.டி.ஐ.யிலிருந்தும் பாலிடெக்னிக்கிலிருந்தும் வந்திருக்கும் இந்தப் பிள்ளைகளைத் திறந்து பார்க்க விடுங்கள். எந்த இழை எப்போது தப்பு செய்தது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். அந்தத் தகவல் எந்த மீட்டரிலும் கிடைக்காது.

தம்பி தங்கைகளுக்கு: ஒரு நிக்சி குழாயை ஒழுங்காக எரியவிட்டவர்களுக்கு ஜக்கார்டு போர்டு புரியும். முதல் போர்டைத் திறக்கும்போதே அதன் சர்க்யூட்டைத் தாளில் வரைந்துவிடுங்கள். எந்தக் கால் எந்தக் கொக்கிக்கு, எந்த ஐ.சி. எத்தனை வோல்ட், எல்லாவற்றையும் தமிழில் எழுதி, ஒரு நகலைத் தறிக்காரரிடம் கொடுங்கள், ஒரு நகலை உங்கள் கல்லூரி நூலகத்தில் வையுங்கள். அடுத்த பெட்டி கெடும்போது அதைத் திறப்பவர் வேறொருவராக இருப்பார், அவருக்கு அந்தத் தாள் வேண்டும்.